ஸ்க்ரூ கழட்ட ஜேசிபி: போட்டோ எடிட்டிங் மென்பொருள் தேடி நான் பட்ட பாடு

அப்பாவின் போட்டோ 4.2 எம்பி இருந்தது. விண்ணப்பம் கேட்டது 50 கேபிக்குள். அகலம் 35 மில்லிமீட்டர், உயரம் 45 மில்லிமீட்டர். அன்றுதான் கடைசி நாள். நானோ, பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் தெரிகிற ஒரு பெரிய எடிட்டிங் மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு நாற்பது நிமிடமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

சேமிக்கும்போது வருகிற தர அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 80, 60, 30, 10. பத்துக்கு வந்தபோது அப்பாவின் முகம் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறிப்போய், யாரோ பாய் முடைந்ததுபோல இருந்தது. அப்போதும் 300 கேபிக்கு மேல்.

அந்த நேரம் பார்த்து அக்கா மகன் உள்ளே வந்தான். கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தான். "தள்ளுங்க மாமா" என்றான். விண்டோஸிலேயே இருக்கிற பெயிண்டைத் திறந்தான். முகமும் தோளும் வருகிற மாதிரி அளந்து வெட்டினான். அளவு மாற்றுகிற இடத்தில் 413, 531 என்று இரண்டு எண்களைத் தட்டினான். சேமித்தான். 47 கேபி. முகமும் முகமாகவே இருந்தது.

"ஒரு ஸ்க்ரூவைக் கழட்ட ஜேசிபி கூட்டிட்டு வந்திருக்கீங்க மாமா."

மூன்று வருடம் ஆகிறது. அந்த வார்த்தைக்குப் பிறகுதான் எனக்கு உண்மையில் என்ன மென்பொருள் வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன். நான் டிசைனர் இல்லை, போட்டோகிராபர் இல்லை. கணினியில் கணக்கு எழுதி, கடிதம் அடித்து, நடுவில் எப்போதாவது ஒரு படத்தைத் தொடுகிற ஆள். என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு எண்களை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் என் நாற்பது நிமிடமும் அங்கேதான் வீணானது. அச்சுக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள். 35 மில்லிமீட்டரை 25.4-ஆல் வகுத்து 300-ஆல் பெருக்கினால் 413. உயரத்துக்கு 531. போனில் எடுத்த போட்டோவோ 4000-க்கு 3000, அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். நான் அத்தனை புள்ளிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் நசுக்கினேன். ஜேபெக் என்பது படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத விவரங்களைத் தூக்கி எறிந்து சுருக்குகிற முறை. அளவுக்கு மீறி நசுக்கினால் அந்தக் கட்டங்களே வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். அப்பா முகத்தில் நான் பார்த்த பாய் அதுதான். முதலில் புள்ளிகளைக் குறைக்க வேண்டும், பிறகு தரத்தை. இந்த வரிசை தெரிந்தால் எந்த மென்பொருளிலும் வேலை நடக்கும். தெரியாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதிலும் நடக்காது.

அந்தப் பெரிய மென்பொருள் என்னிடம் எப்படி வந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கவில்லை. நண்பர் ஒருவரின் பென்டிரைவில் வந்த 'கிராக்' காப்பி. அதோடு ஒரு சிறு குறிப்புக் கோப்பும் இருந்தது: "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்." திருடனே வந்து "நாயைக் கட்டிப் போடுங்க சார்" என்று சொன்ன மாதிரி. நானும் கட்டிப் போட்டேன்.

இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு எதையும் திறக்காமலே கணினி மின்விசிறி விமானம்போல இரைய ஆரம்பித்தது. பிரவுசரின் முதல் பக்கம் தானாக வேறொரு தேடுபக்கமாக மாறிக்கொண்டது. மாற்றி வைத்தால் மறுநாள் காலையில் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். கடைசியில் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. காப்பி எடுத்து வைக்காத இரண்டு மாதப் படங்கள் போனது போனதுதான். பெயிண்டில் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலைக்காக நான் கட்டிய வட்டி அது.

புதிதாக ஏற்றிய கணினியில் எதை நிறுவுவது என்ற கேள்வி வந்தபோது ஒரு காரியம் செய்தேன். மேசையில் ஒரு துண்டு நோட்டை வைத்து, ஒரு மாதம் முழுக்க, படத்தோடு சம்பந்தப்பட்ட ஒவ்வொரு வேலையையும் ஒரு வரி எழுதி வைத்தேன். மாதக் கடைசியில் 41 வரிகள் இருந்தன. வெட்டியதும் நேராகத் திருப்பியதும் 17. கேபி குறைத்தது 11. இருட்டாக வந்த படத்தை வெளிச்சமாக்கியது 5. படத்தின்மேல் எழுதியது அல்லது அம்புக்குறி போட்டது 4. ஸ்க்ரீன்ஷாட்டில் கணக்கு எண்ணை மறைத்தது 2. பின்னணியை வெள்ளையாக்கியது 1. பழைய போட்டோ ஒன்றில் கீறலை நீக்க முயன்று தோற்றது 1.

அதாவது நாற்பத்தொன்றில் முப்பத்துமூன்று வேலைகள் வெட்டுவது, குறைப்பது, வெளிச்சமாக்குவது. இந்த நோட்டு ஒரு பைசா செலவில்லாமல் எனக்குச் சொன்னதை எந்த ஒப்பீட்டு அட்டவணையும் சொல்லவில்லை. மென்பொருள் தேடுகிறவர்களிடம் நான் இப்போது கேட்கிற முதல் கேள்வி, "போன மாசம் படத்தை வச்சு என்னென்ன பண்ணீங்க?" பெரும்பாலானவர்களுக்குச் சட்டென்று பதில் வராது. ஆனால் "லேயர் இருக்கா, ஏஐ இருக்கா" என்று மட்டும் கேட்பார்கள். (லேயர் என்றால் படத்தின்மேல் கண்ணாடித் தாள்போல விரித்து, தனியாகத் திருத்தக்கூடிய அடுக்கு.) நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த முப்பத்துமூன்று வேலைக்கும் பெரும்பாலும் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பெயிண்ட் 1985-ல் விண்டோஸின் முதல் பதிப்போடே வந்தது. அதைக் குழந்தைகள் கிறுக்கிப் பார்க்கிற சாமான் என்றே பல காலம் நினைத்திருந்தேன். 2023-ல் விண்டோஸ் 11-க்கான பெயிண்டில் லேயரும், பின்னணியை ஒரே அழுத்தலில் நீக்குகிற வசதியும் வந்துவிட்டன. வெளிச்சம் கூட்ட, சாய்ந்த படத்தை நிமிர்த்த விண்டோஸின் போட்டோஸ் போதும். மேக் வைத்திருப்பவர்கள் பிரிவ்யூவை வெறுமனே படம் பார்க்க மட்டும் பயன்படுத்துகிறார்கள். அதிலேயே வெட்டலாம், அளவு குறைக்கலாம், எழுதலாம், ஏற்றுமதி செய்யும்போது தரத்தை நகர்த்தி எத்தனை கேபி வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். போனில் எடுத்த படத்தைப் போனிலேயே திருத்துவதானால் ஸ்னாப்சீட் இருக்கிறது. கணினிக்கு மாற்றுகிற வேலையே இல்லை.

கணினியோடு வந்ததை எல்லாம் பார்த்த பிறகுதான் நான் முதலில் ஒன்றை நிறுவினேன். இர்ஃபான்வியூ. போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கில்யான் என்பவர் 1996-ல் வெளியிட்டது. இன்றும் சில எம்பிதான். சொந்த உபயோகத்துக்கு இலவசம். அலுவலகத்தில் பயன்படுத்தினால் உரிமம் வாங்க வேண்டும். பார்க்க அழகாக இருக்காது, அதன் பொத்தான்கள் இன்னும் தொண்ணூறுகளிலேயே வாழ்கின்றன. ஆனால் 4 ஜிபி ராம் உள்ள என் பழைய கணினியில் ஐகானைத் தொட்டு விரலை எடுப்பதற்குள் திறந்துவிடும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது மொத்தமாகப் படங்களை மாற்றுகிற வசதி. விசைப்பலகையில் 'பி' தட்டினால் அந்த ஜன்னல் வரும். ஒரு விசேஷத்தில் எடுத்த 180 படங்களைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மொத்தம் 700 எம்பிக்கு மேல். எல்லாவற்றையும் தேர்ந்து, நீளப் பக்கம் 1600 புள்ளி, தரம் 80 என்று கொடுத்து, வேறொரு ஃபோல்டரில் சேமிக்கச் சொன்னேன். முகம் கழுவி வருவதற்குள் முடிந்திருந்தது. 'வேறொரு ஃபோல்டர்' என்பதைக் கவனியுங்கள். மூலப் படங்கள் இருந்த ஃபோல்டரையே கொடுத்து, மேலெழுதும் வசதியையும் விட்டுவைத்தால், மூலப் படங்கள் எல்லாம் 1600 புள்ளிக்குச் சுருங்கிவிடும். திரும்பப் பெரிதாக்க வழி கிடையாது.

இங்கே ஒரு சின்ன விஷயம். போனில் எடுத்த படத்துக்குள், இடம் பதியும் வசதி இயக்கத்தில் இருந்தால், எந்த அட்சரேகை தீர்க்கரேகையில் எடுத்தது என்பதும் எழுதப்பட்டிருக்கும். வீட்டுக்குள் எடுத்த படத்தை முன்பின் தெரியாதவருக்கு அனுப்பினால் வீட்டு முகவரியையும் சேர்த்து அனுப்பின மாதிரி. இர்ஃபான்வியூவில் ஜேபெக்காகச் சேமிக்கும் ஜன்னலில் எக்ஸிஃப் தகவலை (படத்தோடு ஒட்டிவரும் இந்த மாதிரிக் குறிப்புகளை) வைத்திருக்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிட்டால் அது போய்விடும். எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் இந்த டிக் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடி வையுங்கள்.

கணக்கு எண்ணை மறைக்கிற வேலையிலும் ஒரு பாடம் இருக்கிறது. மங்கலாக்கி மறைக்காதீர்கள், கெட்டியான கறுப்புக் கட்டம் போடுங்கள். லேசாக மங்கலாக்கிய எண்களை ஊகித்துவிடலாம். வெட்டி எறிந்ததாக நாம் நினைக்கும் பகுதியே கோப்புக்குள் ஒட்டிக்கொண்டிருந்த ஓட்டை ஒன்று 2023-ல் பரவலாகப் பயன்படும் ஸ்க்ரீன்ஷாட் கருவிகளில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு அடைக்கப்பட்டது. மென்பொருளை அப்டேட் செய்து வைப்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

மீதமிருந்த ஆறு வேலைகள்தான் தலைவலி. எழுதுவது, பின்னணி, பழைய போட்டோ. இங்கேதான் நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்தது.

பெயிண்ட் டாட் நெட்டில் ஆரம்பித்தேன். பெயர் பெயிண்ட் போல இருந்தாலும் அது வேறு. 2004-ல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது, விண்டோஸில் மட்டும் ஓடும். அதன் சொந்தத் தளத்தில் இலவசம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதே மென்பொருளுக்குக் காசு, அது அதை உருவாக்குகிறவருக்குப் போகிற ஆதரவு. லேயர் உண்டு, கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். எனக்கு இடித்தது ஒரே இடம்: எழுத்தைத் தட்டி வேறு இடத்தில் கிளிக் செய்துவிட்டால் அது படத்தோடு உறைந்துவிடும். பிறகு எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அழித்துவிட்டு முதலிலிருந்து தட்ட வேண்டும். எழுத்தைத் தனி லேயரில் போட்டுக்கொண்டால் அழிக்கவாவது சுலபம் என்று பிறகு கண்டுகொண்டேன். எழுதுகிற வேலை இல்லாதவருக்கு நான் இன்றும் முதலில் சொல்வது இதைத்தான்.

பிறகு ஃபோட்டோபீ. இதை நிறுவவே வேண்டாம். பிரவுசரில் திறந்தால் ஃபோட்டோஷாப்பின் சாயலில் ஒரு திரை வரும். அடுத்தவர் அனுப்புகிற பிஎஸ்டி கோப்புகளை, அதாவது ஃபோட்டோஷாப்பின் சொந்தக் கோப்புகளை, லேயரோடு திறக்கும். இவான் குட்ஸ்கிர் என்ற ஒருவர் 2013-லிருந்து உருவாக்கி வருவது. விளம்பரம் ஓடும், வேண்டாமென்றால் காசு கட்டலாம். பிரவுசருக்குள் ஓடினாலும் படம் பொதுவாக எங்கேயும் ஏற்றப்படுவதில்லை, வழக்கமான திருத்த வேலை நம் கணினியிலேயே நடக்கிறது. 'ஒரே கிளிக்கில் பின்னணி நீக்கம்' என்று கூவுகிற பல தளங்கள் இப்படி இல்லை. அங்கே நம் படம் அவர்கள் சர்வருக்குப் போய்விட்டுத்தான் திரும்பும், இலவசமாகத் தருவதும் பெரும்பாலும் சின்ன அளவுதான். பூச்செடி படம் என்றால் பரவாயில்லை. அடையாள அட்டையையும் பிள்ளைகள் படத்தையும் நான் அங்கே ஏற்றுவதில்லை.

எழுத்து என்று வந்ததும் தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே புரிகிற ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். ஒரு மென்பொருளைப் பார்த்த மாத்திரத்தில் நான் அதில் தட்டிப் பார்க்கிற மூன்று சொற்கள் இருக்கின்றன: கொடி, மேசை, ஸ்ரீ. தமிழ் சரியாக வராத மென்பொருளில் 'கொ' உடைந்துவிடும். 'க' ஒரு பக்கம் நிற்கும். அதை நடுவில் வைத்து அணைத்துக்கொள்ள வேண்டிய ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் வெறும் புள்ளி வட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கும். 'மே'யில் இரட்டைக் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டும். இது எழுத்துருவின் குற்றம் அல்ல. எழுத்துகளை எந்த வரிசையில் எப்படிக் கோக்க வேண்டும் என்று அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஒரு வாழ்த்துப் படம் செய்யும்போது இது முதல்முறை என்னிடம் மாட்டியது. அப்போது ஒருவர் சொன்ன வழி, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடை விட்டுவிட்டு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டுவது. அச்சு வேலை செய்கிறவர்கள் பல காலம் அப்படித்தான் ஓட்டினார்கள். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இப்போது அந்தச் சுற்றுவழி தேவையில்லை. ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் எந்த செட்டிங்கையும் தொடாமல் தமிழ் சரியாகவே வருகிறது. ஃபோட்டோஷாப்பில் எழுத்துக்கான விருப்பங்களுக்குள் போய், தெற்காசிய மொழிகளையும் கையாளும் உரை இயந்திரத்தைத் தேர்ந்தால் வரும். புதிய பதிப்புகளில் அதன் பெயர் வேர்ல்ட் ரெடி லேஅவுட். எழுத்துருவுக்கு இலவசமான நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், தடிமன் பல அளவில் கிடைக்கிறது.

இனி ஜிம்ப். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நான் மூன்று தடவை நிறுவி இரண்டு தடவை கோபத்தில் நீக்கியிருக்கிறேன்.

1995-ல் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. இன்றுவரை முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் தடவை நான் நீக்கியதற்குக் காரணம், சேமிக்கத் தெரியாதது. ஒரு ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, கண்ட்ரோல் எஸ் அடித்தேன். எக்ஸ்சிஎஃப் என்ற கேள்விப்படாத பெயரில் கோப்பு வந்தது. அதை அனுப்பினேன், "திறக்க மாட்டேங்குது" என்று பதில் வந்தது. 'இலவசம்னா இப்படித்தான்' என்று தூக்கி எறிந்துவிட்டேன். அது கோளாறு இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. 2012-ல் வந்த 2.8 பதிப்பிலிருந்து அவர்கள் வகுத்துக்கொண்ட முறை அது. சேமி என்றால் லேயர் எல்லாம் அப்படியே இருக்கிற வேலைக் கோப்பு. வெளியே அனுப்ப ஜேபெக்கோ, விவரம் எதையும் தூக்கி எறியாமல் சேமிக்கும் பிஎன்ஜியோ வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்', கண்ட்ரோல் ஷிஃப்ட் ஈ. எக்ஸ்போர்ட் ஜன்னலில் முன்னோட்டத்தை இயக்கினால், தரத்தை நகர்த்த நகர்த்த எத்தனை கேபி ஆகிறது என்றும் காட்டும். 50 கேபி படிவங்களுக்கு அருமை.

இரண்டாம் தடவை நீக்கியது சின்ன விஷயத்துக்காக: ஒரு வட்டம் வரையத் தெரியவில்லை. பெயிண்டில் ஒரே இழுப்பில் வருகிற வட்டத்துக்கு, அங்கே வட்டமாகத் தேர்ந்து பிறகு அதன் ஓரத்தைக் கோடாக்க வேண்டும். இதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. வட்டமும் அம்பும் போட நான் இன்றும் பெயிண்டுக்குத்தான் போகிறேன். ஒரே மென்பொருளில் எல்லாம் நடக்க வேண்டும் என்று அடம்பிடித்ததே என் தவறு. கரண்டியும் கத்தியும் தனித்தனியாகத்தானே இருக்கின்றன.

மூன்றாம் தடவை அது நிலைத்ததற்குக் காரணம் ஒரு பழைய போட்டோ. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட முதல் படம். கறுப்பு வெள்ளை. நடுவில் மடித்த தடம், அப்பாவின் தோளில் ஈரக் கறை, எங்கும் வெள்ளைப் புள்ளிகள். நோட்டில் 'முயன்று தோற்றது' என்று எழுதிய அதே போட்டோ. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கேன் செய்தேன், 2400-க்கு 3600 புள்ளி வந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கீறல் என்று நான் நினைத்திருந்தது ஒரு கோடல்ல, உரிந்த பூச்சின் வரிசை வரிசையான செதில்கள்.

வேலை இப்படி. மேலே காலியாக ஒரு புது லேயர். பழுதைச் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து மூடுகிற ஹீல் கருவி, விசை 'எச்'. கருவி அமைப்பில் 'சாம்பிள் மெர்ஜ்டு' என்பதை டிக் செய்தால், கீழே இருக்கிற படத்திலிருந்து எடுத்து மேலே இருக்கிற காலி லேயரில் பூசும். மூலப் படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு பழுதில்லாத இடத்தைத் தொட வேண்டும், பிறகு பழுதின்மேல் தேய்க்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் இதற்கு ஆல்ட், அங்கிருந்து வருகிறவர்கள் முதல் நாள் தடுமாறுவது இதில்தான். தூரிகையைக் கீறலைவிடக் கொஞ்சம் மட்டும் பெரிதாக வைத்து, நீளமாக இழுக்காமல் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டு வந்தேன். புடவையின் கரை மடிப்புத் தடத்தைக் கடக்கிற இடத்தில் ஹீல் எல்லாவற்றையும் குழப்பிச் சாம்பலாக்கியது. அங்கே மட்டும் குளோனுக்கு மாறி, கரையின் ஒரு கட்டத்தை எடுத்து அடுத்த கட்டத்தில் ஒட்டினேன். மூன்று இரவுகள் ஆயின. இதை வெளியே கொடுத்துச் செய்திருக்கலாமே என்று அக்கா கேட்டாள். செய்திருக்கலாம்தான்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். இடையில் ஒரு தடவை நான் நேர்மையாகக் காசு கட்டியும் பார்த்தேன். 'மாதத்துக்கு இவ்வளவு' என்று போட்டிருந்த ஒரு சந்தாவில் சேர்ந்தேன். இரண்டு மாதம் கழித்து நிறுத்தப் போனபோதுதான், அது ஒரு வருட ஒப்பந்தத்தை மாதாமாதம் பிரித்துக் கட்டுகிற திட்டம், நடுவில் விலகினால் தொகை உண்டு என்று தெரிந்தது. சிறிய எழுத்தில் எழுதித்தான் இருந்தது, நான் படிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சந்தாவையும் மாதக் கணக்கில் பார்ப்பதில்லை. பன்னிரண்டால் பெருக்கி, வருடத்தில் அதைத் திறக்கப் போகிற நாட்களால் வகுத்துப் பார்க்கிறேன். மாதம் ஒரு தடவை திறக்கிற எனக்கு வந்த விடை, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மாதச் சந்தா. தினமும் நாலு மணி நேரம் அதில் உட்கார்கிறவருக்கு அதே சந்தா மலிவாகவே இருக்கும்.

'ஒரே தடவை வாங்கினால் போதும்' என்பதும் முன்போல இல்லை. ஃபோட்டோஷாப்பின் எளிய வடிவமான ஃபோட்டோஷாப் எலிமெண்ட்ஸ் ஒருமுறை வாங்கினால் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது, 2025 பதிப்பிலிருந்து மூன்று வருட உரிமமாகிவிட்டது. அஃபினிட்டி போட்டோ அதற்கு நேர்மாறு. ஒரே விலைக்கு விற்றுவந்த அந்த நிறுவனத்தை 2024-ல் ஆன்லைன் டிசைன் நிறுவனமான கேன்வா வாங்கியது. 2025 அக்டோபரில் அஃபினிட்டியை இலவசமாக்கினார்கள், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும், ஏஐ வசதிகளுக்குத்தான் கட்டணம். ஜிம்ப் பிடிக்காமல் போகிறவர்கள் இப்போது அங்கே போய்ப் பார்க்கலாம், திரை மிகவும் நேர்த்தி. ஆனால் என் பழைய 4 ஜிபி கணினியில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

இலவசம் என்றதும் இன்னொரு காயம் நினைவுக்கு வருகிறது. முன்பு ஒரு பெரிய நிறுவனத்தின் இலவசப் போட்டோ மென்பொருளில் வருடக்கணக்காக நூற்றுக்கணக்கான படங்களைத் திருத்தி வைத்திருந்தேன். அதைக் கைவிட்டுவிட்டார்கள். புதுக் கணினிக்குப் படங்களைக் கொண்டுவந்து பார்த்தால் திருத்தம் ஒன்றையும் காணோம், வெட்டிய படம் வெட்டாமல் இருக்கிறது, வெளிச்சமாக்கியது இருட்டாகவே இருக்கிறது. திருத்தங்களை அது படத்தில் எழுதாமல், பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்புக் கோப்பில் மட்டும் எழுதி வைத்திருந்திருக்கிறது. மூலத்தைக் கெடுக்காத நல்ல முறைதான், ஆனால் அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தது அந்த மென்பொருள் ஒன்றுக்குத்தான். இப்போது புதிதாக எதைப் போட்டாலும் முதல் நாளே ஒரு படத்தைத் திருத்தி, அதை வேறொரு மென்பொருளில் திறந்து பார்த்துவிடுகிறேன்.

திருத்திய ஜேபெக்கையே மறுபடி மறுபடி திறந்து, கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டிச் சேமிக்கிற பழக்கத்தையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு சேமிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். எழுத்தின் ஓரத்தில் எறும்பு மொய்த்த மாதிரி வருமே, அது அந்தத் தேய்மானம்தான். எழுத்து, கோடு, ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் பிஎன்ஜி. முகம், மரம், வானம் ஜேபெக். திருத்திக்கொண்டே இருக்கிற வேலை அந்த மென்பொருளின் சொந்தக் கோப்பில்.

கிரிட்டாவையும் டார்க்டேபிளையும் கூடப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் இலவசம், இரண்டும் அருமை, இரண்டும் எனக்கல்ல. முன்னது வரைகிறவர்களுக்கு, பின்னது கேமராவில் ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைப் பதிந்தபடியே, எடுக்கிறவர்களுக்கு.

எதை இறக்கினாலும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடலில் மேலே வருகிற முதல் இரண்டு விடைகள் விளம்பரமாக இருக்கலாம். பெரிய பச்சைப் பொத்தானில் 'டவுன்லோட்' என்று இருப்பது பெரும்பாலும் நீங்கள் தேடி வந்தது அல்ல. 2015-ல் ஒரு பிரபல பதிவிறக்கத் தளம் ஜிம்ப்பின் பெயரிலேயே விளம்பர மென்பொருளைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்து, ஜிம்ப்காரர்கள் வெளிப்படையாகக் கண்டித்த கதையே உண்டு.

போட்டோ கதையை முடித்துவிடுகிறேன். மூன்றாம் இரவு எக்ஸ்போர்ட் செய்து, அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். கறை போனது, மடிப்புப் போனது, எதையும் சொல்லவில்லை.

"என் மச்சத்த எங்கடா?"

மோவாயில் இடது பக்கம். பிறந்ததிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிற மச்சம். கறை என்று நினைத்துத் தேய்த்துவிட்டிருக்கிறேன். எக்ஸ்சிஎஃப் கோப்பைத் திறந்து, மேலே இருந்த லேயரில் அந்த இடத்தில் மட்டும் அழிப்பானை ஒரு தட்டுத் தட்டினேன். கீழே இருந்து மச்சம் வந்துவிட்டது.

அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்கள். "இவ்ளோ சுலபமா? அப்படியே அப்பாவோட காலரையும் சரி பண்ணிடு. ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது பாரு. அன்னைக்கே சொன்னேன், கேக்கல மனுஷன்."